தண்ணி ஊத்த முதல் ஒருக்கா பாருங்கோ

கைக்குழந்தை வெளிக்குப் போனால் எங்கட வீடுகளில் ஒரு மாநாடே நடக்கும். பச்சையா, மஞ்சளா, தண்ணியாப் போச்சுதா என்று அம்மம்மா வரைக்கும் ஆராய்வார்கள். அதே பிள்ளை வளர்ந்து கம்பஸ் போனதும் அந்தப் பேச்சு ‘சீ’ ஆகிவிடுகிறது. இந்த வெட்கம் ஆபத்தானது என்றுதான் நினைக்கிறேன்.

வெட்கத்தை மூட எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: மூலம். இரத்தம் கண்டாலும் ‘சூடு, மூலமாத்தான் இருக்கும்’ என்று இளநீரோடு முடித்துவிடுவோம். பல நேரம் அது மூலம்தான். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் அப்படித் தொடங்கலாம். பல நாடுகளில் அது 50 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கூடி வருகிறது. எது என்று பாமசிக்காரரால் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லா மாற்றத்துக்கும் பயப்படச் சொல்லவில்லை. நாளுக்கு 3 தரமும் சாதாரணம், கிழமைக்கு 3 தரமும் சாதாரணம். பீட்ரூட் கறி சிவப்பாக்கும், இரும்புச்சத்துக் குளிசை கறுப்பாக்கும். ஆனால் தார் மாதிரிக் கறுத்து, ஒட்டி, கடுமையாக நாறினால் இரைப்பையில் இரத்தம் கசியக்கூடும். மாதவிடாய் வலிக்கும் முதுகுவலிக்கும் அடிக்கடி டைக்ளோபெனாக் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நிறைய இரத்தம், தலைச்சுற்று என்றாலும் அப்படித்தான். வெளிறிய களிமண் நிறம், கண்ணில் மஞ்சள் என்றால் தள்ளிப்போடாதீர்கள். வழமை மாறி 3 கிழமை தாண்டினாலோ காரணமில்லாமல் மெலிந்தாலோ காட்டுங்கோ.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசில்லை. ஓபிடியில் நாலு பேருக்கு முன்னால் சொல்லக் கூச்சமென்றால் ஒரு துண்டில் எழுதி நீட்டலாம்: எப்ப தொடங்கியது, என்ன நிறம், எத்தனை தரம். போனில் படம் எடுத்துக் காட்டினாலும் சரி. டொக்டருக்கு அது புதுசில்லை.