அலி இன்று ரிங்கில் ஏறினால்



கொல்கத்தா பவானிபூரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் நம்முடைய நெடுநாள் வாசகர். வேலைக்காக வங்கம் போய், அங்கேயே குடும்பமாக வேரூன்றிவிட்டவர். சாயங்காலமானால் தெருத் திண்ணைகளில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அட்டா, அதாவது அரட்டை, அடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். பெலேயா, மரடோனாவா என்று வழக்கம்போல் தொடங்கிய பேச்சு ஒருநாள் குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடம் வந்து நின்றிருக்கிறது. “தாத்தா, இந்தக் காலத்து ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரி 206 சென்டிமீட்டர் உயரம். உங்க அலி அவர்கிட்ட நாலு ரவுண்டு தாங்க மாட்டார்” என்று பேரன் சொல்லியிருக்கிறான். தாத்தாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியைக் கண்ணால் பார்த்தவர் அவர். யார் சொல்வது சரி என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

பேரன் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1967-இன் அலி இன்றைக்கு ரிங்கில் ஏறினால், முன்னணியில் இருக்கும் ஹெவிவெயிட்டுகளில் பெரும்பாலோரைப் புள்ளிக் கணக்கில் வெல்வார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் தாத்தா நேரில் பார்த்த அலி வெல்ல மாட்டார்.

சென்னைக்கு வந்தபோது அலிக்கு 38 வயது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்தார். பழைய நண்பரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு அவர் இங்கே ஆடிக்காட்டியது வெறும் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரோடு அலி நிற்கும் படத்தைப் பார்க்கும் போதெல்லாம் இன்றும் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவர் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மறுபடி ரிங்கில் ஏறினார். பத்து ரவுண்டு அடி வாங்கிய பிறகு அவருடைய தரப்பே சண்டையை நிறுத்தியது. இந்தியா கைதட்டி வரவேற்றது அந்த அலியைத்தான்.

உச்சத்தில் இருந்த அலியைப் பார்க்க வேண்டுமானால் 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸோடு நடந்த சண்டையின் படச்சுருளைப் பாருங்கள். மூன்றாவது ரவுண்டிலேயே முடிந்துவிட்டது. கைகள் இடுப்பருகே தொங்கும், கால்கள் ஒரு நொடி நிற்காது, குத்து வரும்போது தலை மட்டும் பின்னால் சாய்ந்து தப்பும். வேறு யார் அப்படி நின்றாலும் பயிற்சியாளர் திட்டுவார். அலிக்கு அது பலித்ததற்குக் காரணம் அவருடைய கண்ணும் காலும். அடுத்த ஏப்ரலில் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார், பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றரை ஆண்டுகள் ரிங்கில் ஏற விடவில்லை. 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு குத்துச்சண்டைக்காரனின் பொன்னான காலம் அது. மிகச்சிறந்த அலி எப்படி இருந்திருப்பார் என்பதை உலகம் பார்க்கவே இல்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

‘அவர் இவரோடு மோதினால்?’ என்ற கேள்விக்குக் கணினியிடமே விடை கேட்ட கதை ஒன்று உண்டு. 1967-இல் மரே வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களையும் என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குள் போட்டு, கற்பனைப் போட்டிகளை ஒலிபரப்பினார். அதில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாக வந்தது. கொதித்துப்போன அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். கடைசியில் சமரசமாகி, 1969-இல் அலியும் ராக்கி மார்சியானோவும் கேமரா முன்னால் மோதுவதுபோல் நடித்தார்கள். 49 சண்டைகளில் 49-உம் வென்று 1956-இல் ஓய்வுபெற்ற மார்சியானோ, இதற்காக இருபது கிலோவுக்கு மேல் எடை குறைத்து, வழுக்கையை மறைக்க டோபா வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளைப் படமாக்கி வைத்தார்கள். எது ‘உண்மை’ முடிவு என்று நடித்த இருவருக்குமே தெரியாது. 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார்.

கணினியை விட்டுவிட்டு, அளந்து பார்க்கக்கூடியவற்றுக்கு வருவோம். பேரன் உருவத்தைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மார்சியானோ பட்டம் வென்ற 1952-இல் அவர் எடை 84 கிலோவைத் தொடவில்லை. 1938-இல் ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே வீழ்த்திய ஜோ லூயிஸ் ஏறக்குறைய 90 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே க்ரூஸர்வெயிட் என்ற பிரிவு இருக்கிறது. அதன் உச்சவரம்பு 90.7 கிலோ. அந்த இரண்டு மாவீரர்களும் இன்று அந்தக் கீழ்ப் பிரிவில்தான் ஆடியிருப்பார்கள். மார்சியானோவை இன்றைய ராட்சதர்களோடு மோதவிட எனக்கு மனம் வராது.

அலி அப்படியில்லை. 191 சென்டிமீட்டர் உயரம், உச்சக் காலத்தில் 96 கிலோ. இங்கேதான் உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பார்க்க வேண்டும். இவருடைய உயரமும் 191. கை வீச்சும் அலிக்கு இருந்த அதே 78 அங்குலம். பிறந்த நாள்கூட ஒன்றுதான், ஜனவரி 17. க்ரூஸர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் வென்றுவிட்டு மேலே ஏறி வந்தவர். 2024 மே 18 அன்று ரியாதில் ஃப்யூரியோடு மோதினார். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றைப் பிடித்துத் தள்ளாட, நடுவர் எண்ணத் தொடங்கும் நிலை வந்தது. உசிக் வென்றார். அதே டிசம்பரில் மறுபடி மோதியபோது இருவருக்கும் எடை வித்தியாசம் சுமார் 25 கிலோ. அப்போதும் உசிக்தான் வென்றார், மூன்று நடுவர்களும் ஒருமனதாக. ஓயாத கால், குறையாத வேகம், பக்கவாட்டில் நழுவிக் கோணத்தை மாற்றும் புத்தி ஆகியவை 120 கிலோவையும் வெல்லும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உசிக்கால் முடிந்தது, அவரைவிட வேகமான கால்கள் கொண்ட அலியால் முடியாதா?

உயரமானவர்கள் அலிக்குப் புதியவர்களும் அல்ல. 1967 பிப்ரவரியில் 198 சென்டிமீட்டர் எர்னி டெரலைப் பதினைந்து ரவுண்டும் ஜாபாலேயே துளைத்தார். அந்தப் பதினைந்தை மறந்துவிடக் கூடாது. 1982-இல் கொரிய வீரர் டுக் கூ கிம் ரிங்கில் பட்ட அடியால் இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் பன்னிரண்டு ரவுண்டாகக் குறைந்தன. மணிலாவின் வெக்கையில் ஜோ ஃப்ரேசியரோடு பதினான்கு ரவுண்டு நின்றவருக்கு இன்றைய பன்னிரண்டு ஒரு பாரமா?

அலிக்கு எதிரான வாதங்களையும் நான் ஒளிக்க மாட்டேன். கென் நார்ட்டன் 1973-இல் அவர் தாடையை உடைத்தார். தாழ்ந்த கைகளுக்கு மேலே வரும் நேர்க்குத்து அலிக்கு எப்போதும் ஆபத்துதான். ஃப்யூரி கட்டிப்பிடித்து, தன் எடை முழுவதையும் எதிராளியின் கழுத்தில் போட்டுக் கால்களைச் சோர வைப்பார். அந்த வித்தையை அலி காலத்து எதிராளிகள் யாரும் அவ்வளவு எடையோடு செய்ததில்லை. இன்னொன்று, அன்றைக்குச் சோவியத் வீரர்களுக்குத் தொழில்முறைச் சண்டைக்கு அனுமதி கிடையாது. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் கடைசிவரை அமெச்சூராகவே இருந்தார். இன்றைய சாம்பியன் அலியைவிட விரிந்த உலகத்தை வென்று வருகிறார். ஆகவே ஃப்யூரியோடு அலிக்கு நெருக்கமான வெற்றி. உசிக்கோடு யார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரே அச்சில் வார்த்த இருவர் அவர்கள்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு மனிதர் தன் உடம்பால் விடை தேடியிருக்கிறார் என்பதை பவானிபூர்ப் பேரன் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ராணுவ வீரர் கௌர் சிங். 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் அலியோடு நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடியவர். ஓய்வுபெற்ற, 38 வயது அலியின் கைகள்கூடத் தன்னால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வந்தன என்று பின்னாளில் பேட்டிகளில் அவர் நினைவுகூர்ந்தார். அந்த அனுபவத்தோடு 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். மறு ஆண்டு பத்மஸ்ரீ. அதே மனிதர் முதுமையில் இருதய சிகிச்சைக்காகக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அது செய்தியான பிறகுதான் உதவிக் கரங்கள் நீண்டன. 2023 ஏப்ரல் 27 அன்று காலமானார். அலியின் ஒவ்வொரு சண்டையையும் மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் முகம் நினைவிருக்கிறது? பவானிபூரில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய. அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால் அவரைப் பற்றி இன்னும் சொல்லக்கூடும்.

நம் வட சென்னையிலோ நிலைமை இதைவிட மோசம். ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரியைக் கித்தேரி முத்து 1940-களில் வீழ்த்தியதை ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்றும் பெருமையோடு பேசுவார்கள். ஆனால் அலிக்கு இருப்பதுபோல் பார்த்து எடைபோடப் படச்சுருள் கிடையாது. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயராவது ஊருக்குத் தெரிந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளில் ஆடியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். யார் எந்தக் கையால் அடிப்பார், எத்தனை கிலோ, எந்த மைதானம், யார் வாத்தியார் என்று உங்கள் வீட்டில் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். பழைய சுவரொட்டி, நோட்டீஸ், கையுறை மாட்டி நிற்கும் படம் எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்பினால் போதும். அசல் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்