இருபதாயிரத்துக்கு சொகுசுக் கப்பலா? கோவில்பட்டியில் இருந்து கிளம்பினால் உண்மையில் எவ்வளவு ஆகும்?

மே கடைசியில் இருந்தே வாட்ஸ்அப்பில் இந்த விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். பின்னால் வெள்ளைக் கப்பல், முன்னால் நீச்சல் குளம், கீழே பெரிய எழுத்தில் ஒரு விலை. "சென்னையில் இருந்து கப்பல் சுற்றுலா, சாப்பாடு உட்பட, ஒருவருக்கு இவ்வளவுதான்!"

கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம் பக்கம் கப்பல் டூர் என்றால் முன்பெல்லாம் ஒரே அர்த்தம்தான். சிமெண்ட் கம்பெனியோ உரக் கம்பெனியோ டீலர்களைக் கூட்டிக்கொண்டு போகும் இன்சென்டிவ் டூர். இப்போது சொந்தக் காசு போட்டுக் குடும்பத்தோடு போகலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போகலாம். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் விலை உங்கள் செலவு கிடையாது. அது செலவின் ஆரம்பம் மட்டும்தான்.

சென்னைக்கு ஏன் மழைக்காலத்தில் மட்டும் கப்பல் வருகிறது?

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினாரே, கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல், அதில் இருந்துதான் இங்கே இந்தப் பேச்சே சூடுபிடித்தது. அது புதுக் கப்பல் இல்லை. 1990-ல் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்தில் பல வருடம் ஓடிவிட்டு இந்தியாவுக்கு வந்த கப்பல். பழசு என்பதால் மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் விளம்பர வீடியோவில் வேறு ஏதோ புதுக் கப்பலைக் காட்டினால் உஷாராகிக்கொள்ளுங்கள்.

இந்தக் கப்பலுக்கு மும்பைதான் தாய்வீடு மாதிரி. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அரபிக்கடல் கொந்தளிக்கும். அதனால்தான் ஜூன் வாக்கில் வங்கக்கடல் பக்கம் வருகிறது. மழை ஓய்ந்ததும் திரும்பிவிடுகிறது.

கரிசல்காட்டு ஆட்களுக்கு இது ஒரு வகையில் தோதான காலம். நம்ம மானாவாரி நிலத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; உளுந்து, பாசி, மக்காச்சோளம் எடுத்து, பருத்தி, மிளகாய் முடிய பங்குனி, சித்திரை ஆகிவிடும். ஆனி, ஆடியில் காடு சும்மாதான் கிடக்கும். ஊரெல்லாம் விதைக்கும் நேரத்தில் கப்பல் இங்கே இருக்காது, காடு சும்மா கிடக்கும்போது வந்து நிற்கும். பள்ளிக்கூடம் திறந்தபிறகு வரும் வார நாட்களில் கூட்டமும் குறைவு, விலையும் இறங்கும். வெள்ளிக்கிழமை கிளம்பும் பயணத்தையும் திங்கள், செவ்வாயில் கிளம்பும் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். விதை, உரத்துக்கு எடுத்து வைத்த பணமும் அதே ஆனி, ஆடியில்தான் கையில் இருக்கும். அதைத் தொட்டுவிட்டுப் போனால் புரட்டாசியில் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அப்புறம் எந்தத் தள்ளுபடியும் தள்ளுபடி இல்லை.

சரி, எவ்வளவு ஆகும்?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். இவை எந்தக் கம்பெனியின் விலையும் இல்லை. கணக்கு எப்படி ஏறுகிறது என்று காட்டத்தான். இரண்டு இரவு, ஒருவருக்கு ரூ.20,000 என்று விளம்பரம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

முதலில், இந்த விலை ஒரே அறையில் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் விலை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசைக் கேட்பார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் படுத்தால் அவர்களுக்கு விலை குறையும். பாதி என்று வைத்தால் நாலு பேருக்கும் ரூ.60,000. இதன் மேல் துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ், சில சமயம் எரிபொருள் கட்டணம். தலைக்கு ரூ.3,000 என்றால் ரூ.12,000. ஆக ரூ.72,000. இதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்தால் ரூ.84,960.

கோவில்பட்டியில் இருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். ரயில் போக வர, ஆட்டோ, இறங்கிக் குளித்து உடை மாற்ற ஒரு ரூம், வழியில் சாப்பாடு என்று ரூ.8,000 வையுங்கள். கப்பலுக்குள் பிள்ளைகள் கேட்கும் விளையாட்டு, போட்டோ, ஜூஸ் என்று ரூ.7,000. மொத்தம் ரூ.99,960. இருபதாயிரம் ரூபாய் டூர் ஒரு லட்சத்தில் வந்து நிற்கிறது!

இதில் ஏமாற்று என்று ஒன்றும் இல்லை, எல்லாம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். 2023-ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலுக்கு அறிவித்த கட்டணமே ரூ.6,500 தான். ஜிஎஸ்டி சேர்ந்ததும் ரூ.7,670 ஆகிவிட்டது. அதனால் ஏஜென்டிடம் "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் சேர்த்து நாலு பேருக்கு நான் கட்ட வேண்டிய கடைசித் தொகை எவ்வளவு, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

இரண்டு இரவா, ஐந்து இரவா?

இங்கேதான் சென்னைக்காரர் கணக்கும் நம்ம கணக்கும் வேறுபடுகிறது. சென்னையில் இருப்பவருக்கு இரண்டு இரவுப் பயணம் லாபம், ஆட்டோ பிடித்துத் துறைமுகம் போய்விடுவார். நமக்கு ரயிலிலேயே இரண்டு இரவு போய்விடும். மாலையில் ஏறி மூன்றாம் நாள் காலையில் இறங்கினால் கப்பலில் இருப்பது 40 மணி நேரம்கூட வராது. அந்த ரூ.8,000 வழிச்செலவு இரண்டு இரவுக்கும் அதேதான், ஐந்து இரவுக்கும் அதேதான். ஆக மொத்தச் செலவை இரவுகளால் வகுத்துப் பார்த்தால் நீண்ட பயணம் பல நேரம் மலிவாக வரும். ஆனால் மொத்தமாகக் கையை விட்டுப் போகும் பணம் அதிகம், அதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். குறைந்த விலைப் பயணங்களில் "ஹை சீஸ்" என்று ஒரு வார்த்தை இருக்கும். அப்படியென்றால் கப்பல் எந்த ஊருக்கும் போகாது. நடுக்கடலில் சுற்றிவிட்டுத் திரும்பச் சென்னைக்கே வரும். "எந்த ஊரு பார்த்தீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. கடலையும் கப்பலையும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது சரிதான்.

அறையைப் பொறுத்தவரை, ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. இரண்டு இரவுக்குப் பால்கனி அறை வீண் என்பது என் அபிப்பிராயம். மேல்தளம் எல்லோருக்கும் பொது, அங்கே நின்று பார்த்தால் அதே கடல்தான். வாந்தி, தலைசுற்றல் வருபவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

சொன்ன ஊருக்குக் கப்பல் போகாவிட்டால்?

இது நடந்திருக்கிறது. 2022 ஜூனில் இதே எம்ப்ரஸ் கப்பல் சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று போக வேண்டியது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கடலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியது. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூலையில்தான் அங்கே பயணிகளை இறக்க முடிந்தது. அதுவும் கப்பல் தள்ளி நிற்க, சின்னப் படகில் மாறி ஏறித்தான் கரைக்கு வர வேண்டியிருந்தது. இப்படி இறக்கும் இடங்களில் ஊர் சுற்றும் நேரத்தில் பாதியைப் படகு வரிசை தின்றுவிடும்.

டிக்கெட் ஒப்பந்தத்தில் "வழித்தடம் மாறலாம்" என்ற வரி எல்லா நிறுவனத்திலும் இருக்கும். ஒரு ஊரை விட்டுவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்காது. அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணம் திரும்புமா என்று மட்டும் கேட்கலாம். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், புதுச்சேரிக்கு பஸ்ஸே இருக்கிறது!

இலவசம் என்றால் யார் காசு?

கப்பல் டிக்கெட் விலைப் போர் நம்ம மண்ணுக்குப் புதிது இல்லை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடி - கொழும்புக்கு கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. அந்தக் குடையின் விலையைக் கொடுத்தது யார்? 1908-ல் அவர் சிறைக்குப் போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி போனது, இலவசமும் போனது. விடுதலையான பிறகு, 1920-களில், அவர் வக்கீலாக வேலை பார்த்தது இதே கோவில்பட்டியில்.

இன்றைய குடை வேறு மாதிரி. கண்காட்சியிலோ பெட்ரோல் பங்கிலோ கூப்பன் நிரப்பினால், "உங்களுக்கு இலவசக் கப்பல் பயணம் விழுந்திருக்கு, தம்பதியாக வாங்க" என்று போன் வரும். போனால் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, லட்சக்கணக்கில் ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பை விற்கப் பார்ப்பார்கள். அப்படி ஒரு கூப்பனை நானும் நிரப்பியிருக்கிறேன். வந்த பரிசு ஒரு டீ கப்.

கப்பலுக்குள்ளும் இதே சூத்திரம்தான். டிக்கெட்டில் விட்டதை மது, கேசினோ, ஸ்பா, கடைகளில் பிடிப்பார்கள். இதில் எதையும் தொடாத குடும்பத்துக்குத்தான் கப்பல் டூர் நிஜமாகவே மலிவு. மூன்று வேளைச் சாப்பாடு, நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் எல்லாம் பொதுவாக டிக்கெட்டிலேயே வந்துவிடும்.

சிங்கப்பூர் கப்பல் என்றால்?

பாஸ்போர்ட் வேண்டும். அதைவிட முக்கியம் விசா. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா போய், திரும்பச் சிங்கப்பூரில் இறங்கினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். பலர் கேட்பதே இல்லை.

கடலில் நின்று பார்த்தால் போதும், இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் கொச்சியில் கேரள அரசு நிறுவனத்தின் 'நெஃபர்டிட்டி' கப்பல் இருக்கிறது. 200 பேர் போகலாம், சில மணி நேரத்தில் திரும்பிவிடும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலில் சொகுசு கிடையாது, ஆனால் சுமார் நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துக் கரை. தூத்துக்குடியில் இருந்தே ஏறலாமே என்றால், 2011 ஜூனில் கொழும்புக்குத் தொடங்கிய 'ஸ்கோஷியா பிரின்ஸ்' சில மாதங்களிலேயே நின்றுபோனது.

பணம் கட்டும் முன்

ஏஜென்டின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும், ரசீதோடு. புக்கிங் நம்பர் வந்ததும் கப்பல் நிறுவனத்துக்கே போன் போட்டு அந்தப் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணத்தை ஏமாந்துவிட்டால் உடனே 1930.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் போய்ச் சேரும் ரயிலை நம்பாதீர்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் வராது. முந்தின நாளே போய்விடுங்கள்.

ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கரை மறைந்த பிறகு போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பின்னணியில் வாட்ஸ்அப் வீடியோக்களை இறக்கிக்கொண்டிருக்கும். போஸ்ட்பெய்டு என்றால் பில் ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும்.