தொட்டிக்கேற்ற மீன் என்றொரு பொய்

"சின்ன மீன்தானே, சின்னத் தொட்டி போதும். தொட்டிக்கு ஏற்ற மாதிரித்தான் அது வளரும்." வளர்ப்பு மீன் பேச்சு எழும் இடமெல்லாம் இந்த வாக்கியமும் எழும். நுரைச்சோலை, புத்தளம், சிலாபம், கொழும்பு என்று ஊர் மாறினாலும் இது மாறுவதில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே காதில் விழுந்ததுமே மனம் ஒப்பிவிடுகிறது. விற்பவருக்கு மீனோடு தொட்டியும் விற்றுப் போகிறது, வாங்குபவருக்குச் செலவு மிச்சமாகிறது. இருவருக்கும் வசதியான பொய் என்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்து நிற்கிறது.

இந்தப் பொய்க்கு அதிக விலை கொடுப்பவை டிஸ்கஸ் குஞ்சுகள். அமேசன் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மீன் இது. சரியாக வளர்ந்தால் 15 முதல் 20 சென்றிமீற்றர் வரை வட்டமாக நிமிர்ந்து நிற்கும். குஞ்சாக வாங்கி இரண்டடித் தொட்டியில் ஆறேழாகப் போட்டு, சில மாதம் கழித்துப் பாருங்கள். வட்டமாக வேண்டிய உடல் நீள்வட்டத்திலேயே நின்றிருக்கும். நிறம் கறுத்திருக்கும். கண் மட்டும் முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் உடல் குன்றும் அளவுக்குக் கண் குன்றுவதில்லை. "பார்த்தீர்களா, தொட்டிக்கேற்ப நின்றுவிட்டது" என்று இதைத்தான் காட்டுகிறார்கள். நோயாளியைக் காட்டி இதுதான் இயல்பான உடம்பு என்பது என்ன நியாயம்? கண்ணாடியை அளந்து பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் மீன் உலகில் இல்லை. கழிவு நிறைந்த தண்ணீர் அதன் வளர்ச்சியை முடக்கியிருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் இழந்ததை, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் முழுதாக மீட்க முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வளரும் டிஸ்கஸ் குஞ்சுக்கு ஒரு நாளில் பல வேளை, புரதம் மிகுந்த தீனி வேண்டும். 45 வீதம் புரதமுள்ள உலர் தீனி 5 கிராம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. அதில் பாதியளவு செவுள் வழியே அமோனியாவாக வெளியேறுகிறது என்று கொண்டால் 180 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி கொள்ளும் நீர் ஏறக்குறைய 56 லீற்றர். ஒரே நாளில் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லீற்றர். அதே கழிவு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம்தான். மீனும் தீனியும் ஒன்றே; நஞ்சு மட்டும் நாலரை மடங்கு வேறுபடுகிறது. வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். ஆனால் புதுத் தொட்டியில் அவை பெருகிப் பழக வாரக்கணக்கில் ஆகும். குஞ்சுகளை விடுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

நம் ஊரில் சேதம் இன்னும் கூடும். டிஸ்கஸ் தொட்டியில் வெப்பம் 28 முதல் 30 பாகை இருக்க வேண்டும். 30 பாகையில், பீ.எச். 7 ஆக இருக்கும் நீரில் அமோனியாவில் ஒரு வீதத்துக்கும் குறைவான பங்கே கொல்லும் வடிவில் இருக்கும். பீ.எச். 8 ஆனால் அந்தப் பங்கு ஏழு வீதத்தைத் தாண்டும். சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் வெட்டும் அருவக்காடு நம் புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்தக் கரையோரக் கிணறுகளில் கடின நீரும் காரத்தன்மையும் புதிதல்ல. மென்மையான, சற்றே அமிலமான ஆற்று நீருக்குரிய மீனை அதில் விட்டு, தொட்டியையும் சுருக்கினால் அது எப்படி வளரும்?

"நாள் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேனே" என்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டும் யூரியா, பாய்ச்சும் நீரோடு மணலில் இறங்கி, கீழே மெல்லிய படலமாகக் கிடக்கும் நன்னீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டென்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். மீன் செத்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டுகிறோம். தூசு பற்றிய ஊராரின் முறைப்பாடு நியாயமானது. அதற்கு விடை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது 2011இல். நைத்திரேற்று அதற்கு முன்பே கிணற்றில் இருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தெளிந்த தண்ணீர் என்று வாளி வாளியாக ஊற்றுகிறோம். பழைய நைத்திரேற்று போய்ப் புதியது வருகிறது. காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு ஏறும். அதே கிணற்று நீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம். நைத்திரேற்று மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். ஆகவே கிணற்றைச் சோதிப்பது மீனுக்காக மட்டும் செய்யும் வேலையல்ல.

"பினாங்குப் பண்ணைகளில் சின்னத் தொட்டியில்தானே நூற்றுக்கணக்காக வளர்க்கிறார்கள்?" என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. உண்மைதான், நெருக்கமாக வளர்க்கும் தொழிற்பண்ணைகள் உண்டு. அங்கே தொட்டி நீரில் பெரும்பகுதியை, சில இடங்களில் முழுவதையுமே, தினமும் மாற்றுகிறார்கள். தொட்டி சிறிதானாலும் அந்தக் குஞ்சுகளுக்குக் கிடைக்கும் தண்ணீர் பெரிது. அந்தப் பண்ணைகளைக் காட்டும் விழியத்தில் கண்ணாடி தெரிகிறது. பின்னால் ஓடும் குழாய் தெரிவதில்லை. அந்த அளவுக்கு நல்ல நீர் தினமும் தர முடிந்தவர் சின்னத் தொட்டி வைக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

தண்ணீரைக் கணக்கில் எடுக்காத வளர்ப்பு எங்கே போய் முடியும் என்பதைப் புத்தளத்துக்காரருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இறால் பண்ணைகள் நெருக்கியடித்துப் பெருகிய காலத்தில், ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்தார்கள், கழிவையும் அதிலேயே விட்டார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவ அந்தப் பொதுத் தண்ணீரே வழியாயிற்று. கைவிடப்பட்ட குளங்கள் பல. குளங்கள் கூடின, தண்ணீர் கூடவில்லை. அந்தப் பாடத்தை வீட்டுத் தொட்டியில் மறுபடி படிக்க வேண்டுமா?

செய்ய வேண்டியது எளிது. ஆறு குஞ்சுக்கு நான்கடித் தொட்டி. வாங்கும் முன் கிணற்று நீரின் பீ.எச்., கடினத்தன்மை, நைத்திரேற்று மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். நைத்திரேற்று மிகுந்தால் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரையோ மழைநீரையோ கலந்துகொள்ளுங்கள். கூரையில் தூசு படியும் ஊர் இது. முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். மழைநீரை மட்டும் ஊற்றினால் பீ.எச். சட்டென்று சரியும், ஆகவே கிணற்று நீரும் ஒரு பங்கு வேண்டும். குழாய் நீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் காற்றூட்டி வையுங்கள். ஊற்றும் நீரின் வெப்பம் தொட்டி நீரோடு ஒத்திருக்கட்டும். இத்தனைக்கும் வசதியில்லையென்றால் கப்பி வளருங்கள். அது நம் கடின நீரில் நன்றாகவே வளரும். அதில் குறைவொன்றுமில்லை.

அலங்கார மீன் வளர்ப்பை வீட்டு வருமானமாக நம்பி இறங்குகிற இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். குன்றிய டிஸ்கஸை எவரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. அவர்களுடைய முதலையும் உழைப்பையும் தின்கிற ஒரு பேச்சை, "எல்லாரும் சொல்கிறார்கள்" என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது. அடுத்த முறை யாராவது தொட்டிக்கேற்பத்தான் மீன் வளரும் என்றால், அந்தத் தொட்டியில் எத்தனை லீற்றர், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் குஞ்சு வாங்காதீர்கள்.