கடைசி நாள் பார்த்துக்கலாம்

குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். முழங்கால், காவிரித் தண்ணீர், அமெரிக்காவில் மகன் வாங்கிய வீடு என்று சுற்றிக்கொண்டிருந்த மைசூர்ப் பேச்சில் இப்போது கப்பலும் சேர்ந்துகொண்டது. பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து மூன்று இரவு கடலில். போய்வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ஒரு வாக்கியம்தான் வருகிறது. கேசினோவைப் பற்றிக் கேட்டால் ஒரு சுற்று நடை முழுக்கப் பேசுகிறார்கள்.

“கையிலிருந்து ஒரு டாலர் எடுக்க வேண்டாம் சார். ரூம் சாவி கார்டு இருக்கே, அதை ஸ்லாட் மெஷினில் செருகினால் போதும். ரூம் கணக்கில் ஏறிடும். கடைசி நாள் பார்த்துக்கலாம். சும்னெ ஆட்டா!”

இதைச் சொன்னவர் ஒருவர் அல்ல. ஆள் மாறினாலும் வாசகம் மாறவில்லை. வாழ்நாளெல்லாம் பேரேட்டோடு மல்லுக்கட்டியவன் நான். ‘கடைசி நாள் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கப்பலில் போவது தவறு என்றோ, சூதாடுபவர் நரகத்துக்குப் போவார் என்றோ சொல்லப்போவதில்லை. தசரா பொருட்காட்சியில் வளையம் எறிந்து, பிடிக்காத நிறத்தில் ஒரு சோப்பு டப்பா ஜெயித்தவன்தான் நானும். அந்தச் சாவிக் கார்டைப் பற்றிச் சொல்லும் நியாயங்களோடுதான் எனக்கு வழக்கு.

கார்டு ஒரு வசதி, அவ்வளவுதான் என்பது முதல் நியாயம். யாருக்கு வசதி? கப்பலில் ஏறும்போதே உங்கள் கிரெடிட் கார்டை வாங்கி அறைக் கணக்கோடு இணைத்துவிடுகிறார்கள். மெஷினில் சாவிக் கார்டைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டி, எத்தனை டாலர் வேண்டும் என்று திரையைத் தொட்டால் அவ்வளவும் மெஷினுக்குள் வந்துவிடும். இந்த உபகாரத்துக்குப் பல கப்பல் நிறுவனங்கள் 3 முதல் 5 சதவீதம் வரை சேவைக் கட்டணம் பிடிக்கின்றன. 500 டாலர் எடுத்தால், முதல் சுற்று சுற்றும் முன்பே 15 டாலரோ 25 டாலரோ போயிருக்கும். அந்த மெஷின் நூற்றுக்கு எட்டு டாலர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டாலரை ஒரு முறை முழுக்கச் சுற்றினால் சராசரி இழப்பு 40 டாலர். ஐந்து சதவீதக் கட்டணம் சேர்ந்தால் 65. ஆட்டத்தின் நஷ்டத்தைப் பாதிக்கு மேல் உயர்த்துகிற வசதி இது. ஊருக்கு வந்தபின், டாலரை ரூபாயாக்கியதற்கு நம் வங்கிகள் பலவும் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதன் தலையில் ஜிஎஸ்டி வேறு. ஏரிக்கரையில் கதை சொல்பவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுகிறார்கள்.

என்னை அதிகம் உறுத்தியது கட்டணமல்ல. பணம் உள்ளே போக ஒரு விரல் போதும். வெளியே வர? மெஷினில் மிஞ்சியதோ ஜெயித்ததோ பல கப்பல்களில் அறைக் கணக்கிலிருந்து தானாகக் கழிவதில்லை. அது கேசினோவுக்கென்று உள்ள தனிக் கணக்கில் தங்கும். எழுந்து, கேஷியர் ஜன்னல் வரை நடந்து, வரிசையில் நின்று, கேட்டு வாங்க வேண்டும். வழி நெடுக எத்தனை மெஷின்கள் கண்சிமிட்டும் என்று எண்ணிப் பாருங்கள். வரவுக்கும் செலவுக்கும் ஒரே கணக்கு இருந்தால்தான் வசதி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே கடன் ஒரு புத்தகத்தில், மிச்சம் இன்னொரு புத்தகத்தில்.

கையில் கொடுத்தாலும் கார்டில் கொடுத்தாலும் காசு காசுதானே என்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அப்படித்தான், மனசுக்கு அப்படியில்லை. 2001-ல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவின் எம்ஐடியில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிடக் கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். எதற்கு என்ன விலை என்று யோசிக்கத் தெரிந்த மேலாண்மை மாணவர்கள் இவர்கள்.

மளிகைக் கடைப் பற்று நோட்டு வைத்திருந்த குடும்பங்களுக்கு ஆய்வே தேவையில்லை. மாதம் முழுக்க ‘எழுதிக்கோங்க’ என்று வாங்கிவிட்டு, முதல் தேதி நோட்டைப் புரட்டும்போது அம்மா முகம் போகும் போக்கைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அங்கே அரிசியும் பருப்பும் டப்பாவில் இருக்கும். கப்பல் நோட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது? கடைசி இரவில் கணக்கு வரும்போது ஒயின், மசாஜ், கரைச்சுற்றுலா எல்லாவற்றோடும் கேசினோ ஒரு வரியாகப் படுத்திருக்கும். பெட்டி கட்டும் அவசரத்தில் யார் அதை நிறுத்தி விசாரிப்பார்கள்?

பிரிட்டனில் கிரெடிட் கார்டில் சூதாட 2020 ஏப்ரல் 14 முதல் தடை. ஆஸ்திரேலியாவில் இணையப் பந்தயத்துக்குக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்த 2024 ஜூன் 11 முதல் தடை. இரண்டுமே சூதாட்டத்தை ஒழித்த நாடுகள் அல்ல. குதிரைக்கும் கால்பந்துக்கும் பந்தயம் கட்டித் தீர்க்கிற நாடுகள். ஆடு, ஆனால் கடனில் ஆடாதே என்று அவர்கள் கோடு கிழித்த அதே இடத்தில்தான் கப்பல் சாவிக் கார்டு நிற்கிறது.

‘வரம்பு வைத்திருக்கிறார்களே’ என்பதும் அடிக்கடி வரும் பதில். வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்குச் சில ஆயிரம் டாலர் என்ற கணக்கில். அது உங்கள் கார்டிலிருந்து வசூலாகுமா என்று கப்பல்காரர் தமக்குப் போட்டுக்கொண்ட வேலி.

இனி மெஷினுக்கு வருவோம். ‘95 சதவீதம் திருப்பித் தரும் மெஷின் சார், ஆயிரம் போட்டால் 950 வந்துடும்’ என்று ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரே என்னிடம் சொன்னார். ஒரு முறை சுற்றினால் சராசரிக் கணக்கு அதுதான். ஒரு முறை சுற்றிவிட்டு எழுந்தவரை யாராவது பார்த்ததுண்டா? வந்த 950-ஐ மறுபடி போட்டால் 902 சொச்சம். எட்டாவது தடவை முடியும்போது 663. பதினான்காவது தடவையில் 488, பாதிக்கும் கீழே. அதிர்ஷ்டம் இந்த வரிசையை ஒரு சாயங்காலம் மேலே தூக்கும், மறுநாள் கீழே தள்ளும், நெடுங்கணக்கு மாறாது. மணிக்கு 600 தடவை பொத்தானைத் தட்டுவது இந்த மெஷினில் பெரிய சாதனையில்லை. தடவைக்கு ஒரு டாலர் என்றால், அந்தத் தாராளமான 95 சதவீத மெஷினிலும் ஒரு மணி நேரச் சராசரி இழப்பு 30 டாலர். அந்த 95 கூட யார் கொடுத்த வாக்கு? அமெரிக்காவின் நெவாடாவில் மெஷின் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும், நியூஜெர்சியில் 83 சதவீதம் என்று சட்டம் உண்டு. நடுக்கடலில் அந்த மாநிலங்களின் அதிகாரி யாரும் வந்து மெஷினைத் திறந்து பார்ப்பதில்லை. பக்கத்துக் கேசினோவுக்குப் போகிறேன் என்று எழுந்து போகவும் வழியில்லை.

‘ரொம்ப நேரமாகத் தரவில்லை, இப்போது தந்தாக வேண்டும்’ என்பதற்கு ஒரு வரி போதும். சுழல்வது வெறும் படம், உள்ளே இருக்கும் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைப் பொறுக்குகிறது, முந்தைய சுற்று அதற்கு நினைவில்லை. டெல்னேஸ் என்பவர் 1984-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பரிசுப் படம் கோட்டுக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ வந்து நிற்பது கண்ணுக்குத் தோன்றும் வாய்ப்பைவிட அதிகமாக நிகழும்படி அமைக்க இந்த முறையில் இடமுண்டு. ‘மயிரிழையில் போச்சு’ என்று நீங்கள் சொல்வதும் வடிவமைப்பில் அடக்கம்.

மைசூர்க்காரர்களுக்கு உள்ளூர்ப் பெருமை சார்ந்த வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ள முடியாது. ‘நம்ம ஊரில் ரேஸ் இல்லையா? மகாராஜாவே சீட்டாடலையா?’ என்பது. உண்மைதான். சாமுண்டி மலை அடிவாரத்தில் ஓடும் குதிரைகளின் பின்னால் இருக்கும் மைசூர் ரேஸ் கிளப் 1891-ல் பிறந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது சென்னை கிண்டியை ஒட்டி எழுந்த வழக்கு. மகாராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையாரோ விளையாட்டுப் பித்தர். சதுரங்கப் பலகையில் குதிரையை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே ஒரு முறை கொண்டுபோகும் புதிருக்கு விடை கண்டவர். கஞ்சீஃபா என்ற வட்டச் சீட்டாட்டத்தைத் தன் ரசனைக்கு வளர்த்து, 360 சீட்டுகள் கொண்ட ஆட்டம் வரை வகுத்து, ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் பதியவைத்தவர்.

அந்தச் சீட்டுகளின் ஓவியங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம், ஒரு கதை. 360 சீட்டை நினைவில் வைத்து ஆடுபவன் மூளை வியர்க்கும். ஸ்லாட் மெஷினில் வியர்ப்பது எது? ஆடுபவன் செய்யக்கூடிய கெட்டிக்காரத்தனம் ஒன்றே ஒன்றுதான், எழுந்து போவது. அதைத்தான் கார்டு தடுக்கிறது.

ரேஸ் கோர்ஸ் இன்னும் நல்ல ஒப்பீடு. ஜன்னலில் பணத்தை நீட்டினால்தான் சீட்டு. ஓட்டம் தொடங்கும்போது ஜன்னல் சாத்திவிடும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட அரை மணி இருக்கிறது. டீ குடிக்கலாம், தோற்ற குதிரையைத் திட்டலாம், பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று பையைத் தடவலாம். அந்தத் தடவல்தான் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. (காப்பாற்றாத குடும்பங்களும் இந்த ஊரில் உண்டு. ரேஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) மெஷினில் இடைவெளி சில விநாடிகள். லாஸ் வேகஸ் மெஷின் ஆட்டக்காரர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நடாஷா டவ் ஷுல் 2012-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் பலர் ஜெயிக்க ஆடவில்லை. நேரமும் உடம்பும் மறந்துபோகும் அந்த மயக்கம் தொடர வேண்டும் என்று ஆடுகிறார்கள். அந்த மயக்கத்தைக் கலைக்கக்கூடியது பையில் காசு தீர்வது ஒன்றுதான். சாவிக் கார்டுக்குப் பை கிடையாது.

புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த பயணம் இலவசம் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புள்ளி ஏறுவது நீங்கள் சுற்றிய தொகைக்கு. இலவசம் என்றாலும் துறைமுக வரி உங்கள் தலையில். நிறையச் சுற்றியவருக்குச் சேவைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிற நிறுவனங்களும் உண்டு. சாதாரண ஆள்தான் முழுசாகக் கட்டுகிறார்.

‘எல்லாம் சட்டப்படிதானே’ என்கிறார்கள். கடலில் சட்டப்படிதான். பொதுவாகக் கப்பல் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிய பிறகுதான் கேசினோ கதவு திறக்கும். ஆனால் கேசினோவை வரவேற்ற அரசுகள் தம் சொந்த மக்களை எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள். மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களுக்கு உரிமம் கொடுத்த கோவா, 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் உள்ளே போகக் கூடாது என்றது. மைசூர்க்காரர் போகலாம். நேபாளக் கேசினோக்களில் நேபாளிக்கு இடமில்லை. சிங்கப்பூரில் அந்நாட்டுக் குடிமக்கள் கேசினோவுக்குள் 24 மணி நேரம் இருக்க 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களுக்கு இலவசம். இது வெறும் பொழுதுபோக்கு என்றால், தன் பிள்ளைக்குக் கொடுக்காத மிட்டாயை விருந்தாளிக்கு மட்டும் ஏன் நீட்டுகிறார்கள்? 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா கப்பலைப் புதுச்சேரி அனுமதிக்காமல் நிறுத்தியதும் இந்தக் கேசினோ பேச்சால்தான்.

நம் வருமான வரிச் சட்டமும் நடுக்கடலை மறக்கவில்லை. சூதாட்டத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீத வரி, மேலே கூடுதல் வரி. தோற்றதை அதில் கழிக்க முடியாது. முதல் இரவு 40,000 ரூபாய் ஜெயித்து, மறு இரவு 60,000 தோற்றவர் ‘இருபதாயிரம் நஷ்டம்’ என்று ஏரிக்கரையில் சொல்லிக்கொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் அவருக்கு 40,000 வருமானம். இதைச் சொன்ன அன்று நடையில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

பிறகு ஒருவர் கேட்டார்: “அப்போ கேசினோ பக்கமே போகக் கூடாதுங்கறீங்களா?” போங்களேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே, தொலைந்தால் வருந்தாத ஒரு தொகையை நோட்டாக மாற்றி ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டை விழுங்கும் மெஷின் கப்பலிலும் உண்டு, அதற்குச் சேவைக் கட்டணம் கிடையாது. உறை காலியானால் மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பாருங்கள்; டிக்கெட் பணத்தில் அதுவும் சேர்த்திதான். ஏறிய அன்றே வரவேற்பு மேசையில், ‘என் சாவிக் கார்டில் கேசினோ கணக்கு வேண்டாம், அடைத்துவிடுங்கள்’ என்று கேட்டால் பல கப்பல்களில் செய்து கொடுப்பார்கள்.

எங்கள் பேட்டையில் இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்கிறவர், குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டுத் தருகிறார். பாஸ்போர்ட் நகல், பிபி மாத்திரை, ஸ்வெட்டர், புளியோதரைப் பொடி, ஊறுகாய் என்று பதினோரு வரிகள். பன்னிரண்டாவதாகச் சாவிக் கார்டில் கேசினோ கணக்கை அடைக்கச் சொல்வதையும் சேருங்கள் என்றேன். “நல்ல விஷயம்தான் சார்” என்றார், “ஆனா அதைப் படிச்சிட்டு யாராவது வேற டிராவல்ஸுக்குப் போயிட்டா?” இப்போதைக்கு ஊறுகாய்க்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறார்.