சாக்கெட் பொருந்தினால் போதுமா?

"என்ஜின் ஒண்ணுதான், சாக்கெட் பொருந்துது, வண்டி ஸ்டார்ட் ஆகுது, அப்புறம் என்ன?" ஆட்டோமேட்டிக் காரின் ஈசிஎம்மை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை, கியர் வண்டியில் மாட்டலாமா என்று யார் கேட்டாலும், பழைய ஹோண்டா சிவிக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பல வருடமாகச் சொல்லும் பதில் இது. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஸ்டார்ட் ஆவதெல்லாம் ஒரு சான்றே இல்லை. பெட்ரோலும் ஸ்பார்க்கும் நேரத்துக்கு வந்தால் என்ஜின் ஓடத்தான் செய்யும்.

1992-95 மாடலில் ஓடியதே என்பார்கள். அந்தத் தலைமுறை ஈசிஎம் சோதித்துப் பார்ப்பது குறைவு. அமெரிக்காவில் 1996 மாடல் முதல், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி-2 முறை கட்டாயம். அங்கே விற்ற 1996-2000 ஆட்டோமேட்டிக் சிவிக்கில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டிதான் கவனிக்கிறது. ஷிஃப்ட் சாலினாய்டு ஒயரிங் சரியா, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கியர் வண்டியில் அந்தச் சாலினாய்டும் இல்லை, அந்த வேகத்தை அளக்கும் சென்சாரும் இல்லை. பி0753, பி0758, பி0720 என்று பிழைக் குறியீடுகள் விழும், செக் என்ஜின் விளக்கு எரியும்.

"விளக்குதானே, எரிஞ்சிட்டுப் போகட்டும்." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டு வெட்டி ஒட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். நாளைக்கு ஆக்ஸிஜன் சென்சார் செத்துப்போய் பெட்ரோல் அதிகமாகக் குடித்தாலும் அதே விளக்குதான் எரிய வேண்டும். ஏற்கெனவே எரிகிற விளக்கு இதை எப்படிச் சொல்லும்? சிலிண்டர் மோசமாக மிஸ்ஸானால் விளக்கு விட்டு விட்டு எரியும். உடனே வேகத்தைக் குறை என்று அர்த்தம். டேப்புக்கு அடியில் அது யாருக்குத் தெரியப் போகிறது? எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். ஓபிடி பரிசோதனை உள்ள அமெரிக்க மாநிலங்களில் அந்த விளக்கு எரிந்தாலே வண்டி ஃபெயில்.

சாலினாய்டுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றலாமாம். ஒயரிங் சோதனையை ஏமாற்றலாம். இல்லாத சென்சார் சொல்ல வேண்டிய வேகத்தை எந்த ரெசிஸ்டர் சொல்லும்?

கடைசியில் விலைக்கு வருவார்கள். பழைய இரும்பு யார்டில் ஆட்டோமேட்டிக் அதிகம், அதனால் அதன் ஈசிஎம் மலிவுதான். மிச்சம் பிடிக்கிற காசு ஒரு கன்வர்ட்டருக்குக் காணாது. கியர் வண்டிக்கான ஈசிஎம்மும் அதே யார்டில் கிடைக்கும், கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.