ஹீரோவோட தொப்பியைக் காணோம்!

கௌபாய் படத்துல ஹீரோவுக்கு ரொம்ப முக்கியமானது எது? துப்பாக்கியா, குதிரையா? ரெண்டும் இல்லை மக்கா... தொப்பி! தொப்பியை இறக்கிவிட்டா சண்டைக்கு ரெடி, கழற்றிக் கையில பிடிச்சா காதலுக்கு ரெடி. ஆனா இப்போ நம்ம வீட்டு அகல டி.வி.யில பழைய படம் போட்டா, முதல்ல காணாமப் போறது அதுதான்.

போன மாசம் விக்கிரமசிங்கபுரத்துல தாத்தா வீட்டுல 'கங்கா' பார்த்தோம். ஜெய்சங்கர் நடிச்சு, எம்.கர்ணன் இயக்கி 1972-ல வந்த படம். 'காலம் வெல்லும்' (1970), 'ஜக்கம்மா' (1972) எல்லாம் இதே ஜோடிதான். கர்ணன் அடிப்படையில ஒளிப்பதிவாளர். டெக்ஸாஸுக்கு டிக்கெட் எடுக்காமலே, நம்ம ஊர் புழுதியில குதிரையை ஓடவிட்டு கௌபாய் படம் காட்டின ஆள். தாத்தா மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பத்து நிமிஷம் பார்த்துட்டு, "ஏலே, ஜெய்சங்கர் இம்புட்டு குண்டாவா இருந்தாரு? குதிரையும்லா பன்னி மாதிரி இருக்கு"ன்னார். ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனைத் தட்டினேன். ஜெய் ஒல்லியாயிட்டார். ஆனா தொப்பி போச்சு, கூடவே குதிரையோட காலும் போச்சு!

விஷயம் வேற ஒண்ணும் இல்லை, எட்டாங்கிளாஸ் விகிதக் கணக்குதான். அந்தக் காலத்துப் படத்தோட உயரம் ஒரு பங்குன்னா அகலம் 1.37 பங்கு. கிட்டத்தட்ட சதுரம். இப்போ இருக்கிற டி.வி.யோட அகலம் 1.78 பங்கு. சதுரமான படம் அகலமான பெட்டியை முழுசா நிரப்பணும்னா ரெண்டே வழி. பக்கவாட்டுல இழுக்கணும், அப்போ எல்லாரும் 30 சதவிகிதம் குண்டாயிடுவாங்க. இல்லைன்னா மேலேயும் கீழேயும் வெட்டணும், அதுல படத்துல கால்வாசி காலி. மூணாவதா ஒரு நல்ல வழி இருக்கு. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, படத்தைப் படமாவே காட்டுறது. ஆனா, 'காசு கொடுத்து வாங்கின டி.வி.யில பாதி இடம் சும்மா கிடக்குதே'ன்னு நம்மாளுங்களுக்கு அது பிடிக்காது.

இதே சண்டை 2013-ல அமெரிக்காவுல நடந்துச்சு. படம், 'ஷேன்'. எங்கிருந்தோ குதிரையில வர்ற ஒருத்தன், ஒரு விவசாயி குடும்பத்தோட தங்குறான். நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிற பண்ணைக்காரனை எதிர்க்கிறான். கடைசியில வந்த மாதிரியே போயிடுறான். அந்த வீட்டுச் சின்னப் பையன் பின்னாடியே கத்திக் கூப்பிடுறான். கதை அவ்வளவுதான். இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், ஹீரோ ஆலன் லாட். 1951-ல வயோமிங் மாகாணத்துல, கிராண்ட் டீட்டான் மலை அடிவாரத்துல எடுத்தாங்க. படம் முழுக்க அந்த மலை பின்னாடி நிக்கும். எங்க ஊர்ல எந்தத் தெருவுல திரும்பினாலும் பொதிகை மலை நிக்கிற மாதிரி!

ஸ்டீவன்ஸ் பற்றி ஒரு தகவல். ரெண்டாம் உலகப்போர்ல ராணுவத்துக்காக கேமராவோட போனவர். தாகாவ் வதைமுகாமை நேர்ல படம் பிடிச்சவர். அதனாலயோ என்னவோ, இந்தப் படத்துல துப்பாக்கி ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் நம்ம வயிறு கலங்கும். குண்டு பட்டவன் கயிறு கட்டி இழுத்த மாதிரி பின்னால போய் சேத்துல விழுவான். உண்மையிலேயே கயிறு கட்டித்தான் இழுத்தாங்க!

இப்போ விவகாரத்துக்கு வருவோம். படம் எடுத்தது 1.37 அளவுல. ஆனா 1953-ல ரிலீஸ் ஆகிறதுக்குள்ள அமெரிக்காவுல டி.வி. வந்து தியேட்டர் கூட்டத்தைக் குறைச்சிருந்தது. 'வீட்டுல இல்லாத பெரிய திரை எங்ககிட்ட இருக்கு'ன்னு காட்டியாகணுமே? பாரமவுன்ட் கம்பெனி மேலேயும் கீழேயும் வெட்டி, 1.66 அளவுல அகலப்படம்னு சொல்லி ஓட்டிடுச்சு. உயரத்துல 17 சதவிகிதம் போச்சு. கலர் ஒளிப்பதிவுக்காக லாயல் கிரிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைச்சது, இத்தனை வெட்டுக்கும் அப்புறம்தான்.

அறுபது வருஷம் கழிச்சு ப்ளூ-ரே வட்டு போடும்போது, வார்னர் கம்பெனி அந்த 1.66 அளவையே எடுத்துக்கிட்டது. இயக்குநரோட மகனே மேற்பார்வை பார்த்து, ஒவ்வொரு ஷாட்டா மேல கீழ நகர்த்திச் சரிபண்ணியிருந்தார். 'தியேட்டர்ல வந்த அளவு இதுதானே?'ங்கிறது அவங்க தரப்பு. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா விமர்சகர்களும் ரசிகர்களும் விடலை. 'கேமராவுல பார்த்து அளந்து எடுத்தது 1.37. அதைக் கொடு'ன்னு சண்டை பிடிச்சாங்க. கம்பெனி இறங்கி வந்துச்சு. 2013 ஆகஸ்ட்ல வந்த வட்டுல மலை உச்சியோட முழுப் படமும் இருந்துச்சு. டி.வி.யில ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும்தான். இருந்துட்டுப் போகட்டும்!

நான் ரசிகர்கள் கட்சி. வியாபாரத்துக்காகக் கடைசி நேரத்துல வெட்டினது வெட்டினதுதான், அது 1953-ல வெட்டினாலும் சரி.

இதுக்கு நேர் எதிரான கொடுமையும் உண்டு. சித்தப்பாவோட பழைய பெட்டியில 'மெக்கன்னாஸ் கோல்டு' வி.சி.டி. கிடைச்சது. கிரிகரி பெக், ஓமர் ஷரீப் நடிச்சு 1969-ல வந்த தங்க வேட்டைப் படம். அமெரிக்காவுல ஊத்திக்கிச்சு, இந்தியாவுல பிச்சுக்கிச்சு! அது 2.35 அகலம். அதைப் பழைய சதுர டி.வி.க்காக நிரப்பினதுல பக்கவாட்டுல 43 சதவிகிதம் காலி. பள்ளத்தாக்கே இல்லாம ஆளுங்க மூஞ்சி மட்டும் தெரியுது. ஆக, அன்னைக்கு டி.வி. சதுரமா இருந்தப்போ அகலப் படத்தோட தோளை வெட்டினோம். இன்னைக்கு டி.வி. அகலமானதும் சதுரப் படத்தோட தலையை வெட்டுறோம். கத்திரிக்கோல் மட்டும் கையை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சரி, 'ஷேன்' சண்டைக்கு முந்தின வருஷம் நாம என்ன பண்ணினோம் தெரியுமா? 2012 மார்ச்ல சிவாஜியோட 'கர்ணன்' புதுப்பிச்சு வந்துச்சு. 1964-ல வந்த பி.ஆர்.பந்துலு படம். சக்கைப்போடு போட்டுச்சு. அந்தப் பட்டாளம் பெரிய திரையில சிவாஜியைப் பார்க்கக் கிடைச்சது அதனாலதான், அதுக்கு நன்றி. ஆனா அப்போ பெருமையா விளம்பரம் பண்ணினது எதைத் தெரியுமா? 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்'! தமிழோட முதல் சினிமாஸ்கோப் படமே 1973-ல வந்த 'ராஜராஜ சோழன்'தான் பாஸ். 1964-ல எடுத்த படத்துக்கு ஸ்கோப் அகலம் எங்கிருந்து வரும்? ஒண்ணு இழுக்கணும், இல்லை வெட்டணும். வெட்டினா உயரத்துல பத்துக்கு நாலு பங்கு போகும். கிரீடம் வெச்ச படத்துல தலைக்கு மேல வெட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. அங்க 17 சதவிகிதத்துக்குச் சண்டை. இங்க 40-க்கு விசில்!

'எவனும் வேணும்னு பண்ணலை. சதுரமாப் போட்டா பழைய படம்னு எழுந்து போயிடுவான்'னு சொல்வாங்க. எனக்கு அந்த வாதம் ஏறலை. குருக்ஷேத்திரத்துக்காக வந்த கூட்டம் பக்கத்துல இருக்கிற கறுப்புப் பட்டையையா எண்ணிக்கிட்டு உட்காரும்?

சிவாஜி படத்துக்காவது புதுப்பிக்க ஆள் வந்தாங்க. படத்தோட பேரும் கர்ணன், இயக்குநர் பேரும் கர்ணன்னாலும், நம்ம குதிரைக்கார கர்ணனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாங்க பார்த்த 'கங்கா' பிரதியில கோடு மழையாப் பெய்யுது. வசனம் ரெண்டு இடத்துல எட்டிக் குதிக்குது. போதாக்குறைக்கு இழுவை வேற. கர்ணன் 2012 டிசம்பர்ல காலமாயிட்டார். ஜெய்சங்கர் 2000-லயே போயிட்டார். 'நான் எடுத்த அளவு இதில்லை'ன்னு சொல்ல வேண்டிய ரெண்டு பேருமே இல்லை. 2010-ல சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்து, ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னு பேர் வெச்சு மரியாதை பண்ணினார். சந்தோஷம். அந்த ஊருக்குக் காரணமான படங்களை ஒழுங்கா ஸ்கேன் பண்ணி, 1.37 அளவுலயே ஒரு நல்ல பிரதி போட்டா இன்னும் சந்தோஷம். நெகட்டிவ்வோ பிரின்ட்டோ உருப்படியா இருக்கும்போதே செய்யணும். ஃபிலிம், வெயிலுக்கும் ஈரத்துக்கும் புளிச்சுப்போற பண்டம். நம்ம ஊர்ல ரெண்டும் தாராளம்.

அதுவரைக்கும் வீட்டுல செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ரிமோட்ல 'ஆஸ்பெக்ட்'னோ 'பிக்சர் சைஸ்'னோ ஒரு பட்டனோ மெனுவோ இருக்கும். பழைய படம்னா அதை 4:3-க்கு மாத்துங்க. சில சேனல்கள் இழுத்தே அனுப்புவாங்க, அதையும் இந்த மாற்றம் பெரும்பாலும் சரிபண்ணிடும். அவங்களே வெட்டி அனுப்பினா ஒண்ணும் பண்ண முடியாது. இழுவையான்னு கண்டுபிடிக்க சுலபமான வழி, படத்துல மாட்டு வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்கிறது. சக்கரம் வட்டமா இருந்தா சரி. முட்டையா இருந்தா, ரிமோட்டை எடுங்க.