முதல் மேட்ச்சில் ஜெயிச்சா போதுமா?

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று சொன்னவர் சென்னையின் எஃப்சி ஆடிப் பார்த்திருக்க மாட்டார். நம்ம டீம் விஷயத்தில் எல்லாமே தலைகீழ்.

2024 செப்டம்பர் 14. புவனேஸ்வரில் ஒடிசாவுடன் ஐஎஸ்எல் சீசனின் முதல் மேட்ச். பெனால்டியில் ஒரு கோல் வாங்கிவிட்டு, அப்புறம் ஃபாருக் சௌத்ரி இரண்டு, சீமா ஒன்று என அடித்து 3-2 ஜெயித்தோம். அன்று ராத்திரி நம்ம ஆட்கள் பேசிய பேச்சு இருக்கே... கோப்பையை வாங்கி அலமாரியில் வைக்காத குறைதான்! நானும் கத்தினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

2020, 2021, 2022. மூன்று சீசனிலும் முதல் மேட்ச் வெற்றி. மூன்றிலும் முடித்தது எட்டாவது இடம். 2023-ல் முதல் மேட்ச்சில் இதே ஒடிசாவிடம் 0-2 உதை. அந்த சீசனில்தான் ஆறாவதாக வந்து பிளே-ஆஃப் போனோம். கோப்பை வாங்கிய 2015, 2017-18 சீசன்கள்? இரண்டுமே சென்னையில் 2-3 தோல்வியில்தான் தொடங்கின.

"அப்போ தோற்றால் கோப்பையா?" என்று மடக்காதீர்கள். 2018-ல் தோற்றுத் தொடங்கி கடைசி இடத்தில் முடித்ததும் நாம்தான். முதல் மேட்ச் எதையும் சொல்லாது. அவ்வளவுதான் என் கட்சி.

எங்க கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்குத் தேக்கடியில் மதகு திறந்து பூத்தூவுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கே யாரும் நெல்லுக்கு விலை பேசுவதில்லை. லோயர்கேம்ப்பில் பாய்கிற தண்ணீர் பழனிசெட்டிபட்டி வரை வந்து சேருதா என்பதுதான் விவசாயியின் கேள்வி.

ரசிகனின் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கணும். 2024-ல் அந்த வெற்றிக்குப் பன்னிரண்டே நாளில், சென்னையில், முகமதனிடம் 0-1. அந்த சீசனில் கடைசி இடம் பிடித்த டீம் சார் அது! முடிவில் 24 ஆட்டம், 27 புள்ளி, 13 டீம்களில் பதினொன்றாவது இடம்.

ஒரு ராத்திரி ஜெயிப்பைக் காட்டினால் ஆறு மாசத்துக்கு வாயை மூடிக்கொள்ளும் ரசிகன் இருக்கும்வரை, யாரும் எதையும் சரிசெய்யப் போவதில்லை. சொந்த ஊரில் ஏன் தோற்கிறோம் என்று நாம் கேட்டால்தானே பதில் வரும்?

அடுத்த சீசன் முதல் மேட்ச் ஜெயித்தாலும் கைதட்டுவேன். பட்டாசு மட்டும் கடைசி மேட்ச்சுக்கு!